நாடு மாறி ஆடியவர்

கால்பந்தாட்டத்தில் கோல் போடுவதற்கென்றே முன்வரிசையில் நிற்பவரை முன்னணி ஆட்டக்காரர் என்கிறோம். பதினொருவர் சேர்ந்து உழைத்தாலும் பெயர் பெரும்பாலும் அவருக்கே போய்ச் சேருகிறது. ஒரு கழகத்திலிருந்து மற்றொரு கழகத்துக்கு மிகுதியாக விலை பேசப்படுபவரும் அவரே. இன்ன ஆட்டக்காரர் இத்தனை கோடிக்கு இன்ன கழகத்துக்கு மாறினார் என்ற செய்தி ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் சிலர் அந்தத் தொகைகளைத் தம் பரீட்சை மதிப்பெண்களைக் காட்டிலும் நன்றாக நினைவில் வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் 'விலை' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் என் மனத்தில் சில கேள்விகள் எழுகின்றன. விற்பவர் யார்? விற்கப்படுவது எது? ஓர் ஆட்டக்காரர் தாம் விரும்பிய இடத்துக்குத் தம் கால்களாலேயே நடந்து போக இயலாதா?

இக்கேள்விகளுக்கு விடை தேடுவதற்கு ஒருவருடைய வரலாறு மிகவும் உதவும். அவர் பெயர் ஆல்பிரெடோ டி ஸ்டெபானோ. 1926ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள் அர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவெனஸ் அயரிஸில், பர்ராகாஸ் என்னும் தொழிலாளர் பகுதியில் பிறந்தவர். அர்ஜென்டீனா, கொலம்பியா, ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளில் கழக ஆட்டம் ஆடியவர். அவருடைய பாட்டனார் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர். பேரன் அதே கடலை எதிர்த்திசையில் கடந்து ஐரோப்பாவுக்குப் போனார்.

குடும்பத்தின் தொழில் உருளைக்கிழங்கு சாகுபடியும் வியாபாரமும். சிறுவயதில் பண்ணை வேலையில் வலுப்பெற்ற உடம்பே பின்னாளில் தொண்ணூறு நிமிஷமும் ஓயாமல் ஓட உதவியது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவார்கள். தெருவில் கற்ற ஆட்டமும் அதில் பாதிக்குமேல் உதவியிருக்கும் என்பது என் எண்ணம். புவெனஸ் அயரிஸின் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பந்து ஒரு பாடமாகவே இருந்தது.

பதின்ம வயதில் அவர் ரிவர் பிளேட் என்ற பெரிய கழகத்தில் சேர்ந்தார். அந்நாளில் அக்கழகத்தின் முன்னணி வரிசைக்கு 'இயந்திரம்' என்று பெயர். முனியோஸ், மொரேனோ, பெதர்னேரா, லப்ரூனா, லூஸ்தாவ் என்ற அந்த ஐவரும் ஒருவர் இடத்தை மற்றவர் எடுத்துக்கொண்டு சுழன்று ஆடுவார்கள். அந்த வரிசையில் ஓர் இளைஞனுக்கு இடம் கிடைப்பது எளிதா? 1946இல் அவரை ஹுராகான் என்ற மற்றொரு கழகத்துக்கு ஓராண்டு இரவலாகக் கொடுத்தார்கள். புத்தகத்தை இரவல் கொடுப்பதுபோல மனிதரை இரவல் கொடுக்கும் வழக்கம் கால்பந்தாட்டத்தில் இன்றும் உண்டு. இரவல் போன பிள்ளை சும்மா இருக்கவில்லை. தமக்கு உரிமையுடைய ரிவர் பிளேட் கழகத்தையே எதிர்த்து ஆடும்போது, ஆட்டம் தொடங்கிய சில வினாடிகளுக்குள் ஒரு கோல் போட்டார். ஹுராகான் கழகத்தார் அவரை விலைக்கு வாங்க விரும்பினார்கள். கேட்ட தொகை அவர்கள் சக்திக்கு மீறியதாக இருந்தது. ஆகவே அவர் திரும்பி வந்தார்.

அதற்குள் பெதர்னேரா ரிவரை விட்டுப் போயிருந்தார். அவருடைய நடு இடம் டி ஸ்டெபானோவுக்குக் கிடைத்தது. 1947இல் ரிவர் பிளேட் அர்ஜென்டீனாவின் பட்டத்தை வென்றது. அவ்வாண்டு 27 கோல்கள் போட்டு, அந்நாட்டிலேயே மிகுதியாகக் கோல் போட்டவர் என்ற பெயரை அந்த இருபத்தொரு வயது இளைஞர் பெற்றார். அவ்வாண்டின் முடிவில் ஈக்வடார் நாட்டின் குவாயாகில் நகரில் நடந்த தென் அமெரிக்கப் போட்டியிலும் அர்ஜென்டீனா வென்றது. அங்கே ஆறு ஆட்டங்களில் ஆறு கோல்கள் போட்டார். பொன்னிறத் தலைமுடியும் அம்புபோன்ற வேகமும் உடையவராதலின் 'பொன்னிற அம்பு' என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. தம் தாய்நாட்டுக்காக அவர் ஆடிய பெரும்போட்டி அது ஒன்றேயாகும்.

நிற்க. இனி நடந்ததை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அக்காலத்துத் தொழில்முறைக் கால்பந்தாட்டத்தின் சட்டத்தை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார். மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் அவர் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போக விரும்புகிறார். "போகக்கூடாது, உம்முடைய பெயர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. நாங்கள் விடுவித்தாலொழிய எந்தப் பள்ளிக்கூடமும் உம்மைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அவர்கள் எங்களுக்குப் பணம் கொடுத்தால் விடுவோம். கொடுக்காவிட்டால், நாங்கள் தரும் சம்பளத்துக்கு இங்கேயே இரும், அல்லது வீட்டில் இரும்" என்று பழைய பள்ளிக்கூடத்தார் சொல்கிறார்கள். இப்படி ஒரு சட்டம் இருந்தால் ஆசிரியர் சமூகம் பொறுக்குமா? கால்பந்தாட்டத்தில் இதுதான் சட்டமாக இருந்தது. அர்ஜென்டீனாவில் மட்டுமன்று, இங்கிலாந்திலும் இதே நிலைமைதான். ஒப்பந்தத்துக்கு முடிவுண்டு, பதிவுக்கு முடிவில்லை. கழகங்கள் விற்றதும் வாங்கியதும் இந்தப் பதிவையே.

இதனை எதிர்த்து 1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அர்ஜென்டீனாவின் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கம் 1944இல் தோன்றியது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், குறைந்த அளவு ஊதியம் ஒன்றை நிர்ணயிக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கு விடுதலை வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். கழகங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக இளைஞர்களையும் பொழுதுபோக்காக ஆடுபவர்களையும் இறக்கி அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை நடத்தி முடித்தன. டி ஸ்டெபானோ வேலைநிறுத்தத்தில் நின்றவர்களுள் ஒருவர். 1949ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் டூரின் நகருக்கருகே நேர்ந்த விமான விபத்தில் டொரினோ கழகத்தின் அணி அடியோடு அழிந்தபோது, இறந்தவர்களின் குடும்ப உதவிக்காக ரிவர் பிளேட் அணி அங்கே சென்று ஆடியது. அவரும் உடன் போனார். திரும்பி வந்த சில மாதங்களில் தம் நாட்டையே விட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அவர் சென்ற இடம் கொலம்பியா. பொகோட்டா நகரில் 1948 ஏப்ரலில் கெய்த்தான் என்ற அரசியல் தலைவர் கொலையுண்டதைத் தொடர்ந்து பெருங்கலகம் மூண்டு நகரமே எரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டின் முதல் தொழில்முறைப் போட்டி தொடங்கிற்று. பின்னர் அப்போட்டியை நடத்திய கழகங்களுக்கும் நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்கும் பூசல் ஏற்பட்டு, கழகங்கள் உலகச் சம்மேளனத்தின் ஆணைக்கு வெளியே தள்ளப்பட்டன. தள்ளப்பட்டது அவர்களுக்கு நன்மையாக முடிந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். சம்மேளனத்தில் இல்லாதவருக்குச் சம்மேளனத்தின் பதிவுச் சட்டமும் இல்லையல்லவா? எந்த நாட்டு ஆட்டக்காரரையும், அவருடைய பழைய கழகத்துக்கு ஒரு காசு கொடுக்காமல் அவர்கள் அழைத்துக்கொள்ளலாம். கழகத்துக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை ஆட்டக்காரருக்கே கொடுக்கலாம்.

முதலில் பெதர்னேரா பொகோட்டாவின் மில்லொனாரியோஸ் கழகத்துக்குப் போனார். 1949 ஆகஸ்டில் டி ஸ்டெபானோவும் அவருடைய தோழர் நெஸ்டர் ரோஸியும் பின்தொடர்ந்தார்கள். அர்ஜென்டீனாவிலிருந்தும் பெரு, உருகுவே, பராகுவே நாடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1950இல் இங்கிலாந்திலிருந்தே சிலர் வந்து சேர்ந்தனர். இங்கிலாந்து அணியின் நடுக்காவலராக விளங்கிய நீல் பிராங்க்ளினும், மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் சார்லி மிட்டனும் அவர்களுள் அடங்குவர். அந்நாளில் இங்கிலாந்தில் எத்தனை பெரிய ஆட்டக்காரருக்கும் வாரம் பன்னிரண்டு பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்று விதி இருந்தது. ஆறாயிரம் பேர் பார்த்தாலும் அறுபதாயிரம் பேர் பார்த்தாலும் அதே பன்னிரண்டு பவுன்தான்! அவர்கள் கப்பலேறியதில் வியப்பென்ன? பிராங்க்ளின் விரைவிலேயே ஊர் திரும்பிவிட்டார், தண்டனையும் பெற்றார்.

பத்திரிகைகள் கொலம்பியாவின் இந்தப் போட்டியைக் 'கொள்ளையர் போட்டி' என்று எழுதின. யார் யாரைக் கொள்ளையடித்தார்கள் என்பதைப் படிக்கும் மாணவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பொகோட்டா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள நகரம். அந்த மெல்லிய காற்றில் புதியவர்களுக்கு மூச்சு வாங்கும். அங்கே மில்லொனாரியோஸ் அணி ஆடிய ஆட்டத்துக்கு 'நீல நடனம்' என்று பெயர் வந்தது. அவர்களுடைய சட்டை நீல நிறம். ஐந்து கோல்கள் போட்டுவிட்டால் அதற்குமேல் எதிரியை அவமானப்படுத்தலாகாது என்று கோல் போடுவதை நிறுத்திக்கொண்டு, பந்தைத் தமக்குள்ளேயே மாற்றி மாற்றி ஆடிக் காட்டுவார்களாம். எதிரிக்கு எது பெரிய அவமானம் என்று எனக்கு விளங்கவில்லை. 1949, 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி பட்டம் வென்றது. அவற்றில் பின்னிரண்டு ஆண்டுகளிலும் போட்டியிலேயே மிகுதியாகக் கோல் போட்டவர் டி ஸ்டெபானோ.

உலகச் சம்மேளனம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? 1951இல் பெரு நாட்டின் லிமா நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி கொலம்பியக் கழகங்கள் மீண்டும் சம்மேளனத்தின் குடைக்குள் வரும்; வெளிநாட்டு ஆட்டக்காரர்களை 1954ஆம் ஆண்டு அக்டோபர் வரையில் வைத்துக்கொள்ளலாம்; அதன்பின் அவர்கள் பழைய கழகங்களுக்கே திரும்பவேண்டும். இவ்வேற்பாட்டினால் ஒரு விந்தை விளைந்தது. 1954 அக்டோபர் வரையில் டி ஸ்டெபானோ மில்லொனாரியோஸ் கழகத்துக்கு உரியவர்; அதற்குப்பின் ரிவர் பிளேட் கழகத்துக்கு உரியவர். ஒரே மனிதருக்கு இரண்டு உரிமையாளர்கள்! அவருடைய விருப்பம் என்ன என்று அந்த உடன்படிக்கையில் எவரும் கேட்கவில்லை.

1952இல் ரியல் மாட்ரிட் கழகம் தன் ஐம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. விழாவுக்கு அழைக்கப்பட்ட மில்லொனாரியோஸ் அணி விருந்து கொடுத்தவர்களையே 4-2 என்ற கணக்கில் தோற்கடித்தது. ரியல் மாட்ரிட்டின் தலைவரான சாந்தியாகோ பெர்னபெயூவின் கண் டி ஸ்டெபானோமேல் விழுந்தது. பார்ஸலோனா கழகத்தின் கண்ணும் அவர்மேலேயே இருந்தது. 1952ஆம் ஆண்டின் முடிவில் டி ஸ்டெபானோ பொகோட்டாவை விட்டு ஊர் திரும்பியிருந்தார். பார்ஸலோனா ரிவர் பிளேட் கழகத்தோடு பேசி முடித்தது. 1953 மே மாதத்தில் அவரைக் குடும்பத்தோடு தன் நகருக்கு வரவழைத்தது. ரியல் மாட்ரிட்டோ மில்லொனாரியோஸ் கழகத்தோடு பேசி முடித்தது. இருவர் கையிலும் பத்திரம் இருந்தது. இரண்டும் செல்லத்தக்க பத்திரங்களே.

மாதங்கள் ஓடின. ஆட்டக்காரர் ஆடாமல் காத்திருந்தார். இதற்கிடையே ஸ்பெயினின் விளையாட்டு அதிகாரிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்க்கலாகாது என்று ஒரு தடையும் விதித்தார்கள். இறுதியில் 1953 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. நான்கு பருவங்களில் அவர் முதற் பருவமும் மூன்றாம் பருவமும் மாட்ரிட்டுக்கு ஆடவேண்டும். இரண்டாவதும் நான்காவதும் பார்ஸலோனாவுக்கு ஆடவேண்டும். பிள்ளையை இரண்டாக அறுத்துக் கொடுக்கச் சொன்ன அரசனின் பழங்கதை நினைவுக்கு வருகிறதல்லவா? அக்கதையில் அரசன் உண்மையில் அறுக்கச் சொல்லவில்லை. இங்கே உண்மையாகவே சொல்லிவிட்டார்கள். பார்ஸலோனா கழகத்தில் பெருங்கொந்தளிப்பு எழுந்து அதன் தலைவர் பதவியைத் துறந்தார். சில வாரங்களில் அக்கழகம், தான் செலவிட்ட பணத்தைப் பெற்றுக்கொண்டு தன் பங்கையும் விட்டுக்கொடுத்துவிட்டது.

ஏன் விட்டுக்கொடுத்தது? அக்காலத்தில் ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு மாட்ரிட் பக்கம் நின்று நெருக்கியது என்பது பார்ஸலோனா மக்களின் உறுதியான நம்பிக்கை. பார்ஸலோனா கழகத்தார் பேரத்தைத் தாமே குழப்பிக்கொண்டார்கள் என்பது மாட்ரிட்டின் வாதம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வழக்கு அவ்விரு நகரத்தின் காப்பிக்கடைகளில் முடியவில்லை. அரசின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சான்று வெளிப்படவில்லை. விளைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. 1953 அக்டோபரில் மாட்ரிட் பார்ஸலோனாவை 5-0 என்று வென்றபோது டி ஸ்டெபானோவின் கோல்களும் அதில் இருந்தன. 1933க்குப் பிறகு ஸ்பானியப் பட்டம் காணாத ரியல் மாட்ரிட் 1954இல் பட்டம் வென்றது. அவர் அங்கிருந்த பதினொரு பருவங்களில் எட்டு முறை அப்பட்டம் அக்கழகத்துக்கு வந்தது.

அவர் ஆடிய முறையை இங்கே கூறவேண்டும். நடு முன்னணி ஆட்டக்காரர் எதிரியின் கோலுக்கு முன்னே காத்திருந்து, தமக்கு வரும் பந்தை உள்ளே செலுத்தவேண்டும் என்பதே அந்நாளைய வழக்கம். டி ஸ்டெபானோ காத்திருக்க மறுத்தார். தம் கோல் காப்பாளரிடம் வந்து பந்தை வாங்கிக்கொள்வார். நடுக்களத்தில் ஒருவரிடம் கொடுத்து, ஓடி, மறுபடி பெற்று, இறுதியில் கோல் போடும் இடத்திலும் அவரே நிற்பார். எதிரணி முன்னேறினால் தம் பின்வரிசையில் நின்று தடுப்பார். 1957 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் அணி மாட்ரிட்டில் 3-1 என்று தோற்ற ஆட்டத்தை, அணியில் இடம்பெறாத பாபி சார்ல்டன் என்ற இளைஞர் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'கோல் காப்பாளரிடம் பந்து வாங்குகிறார், காவலர்களுக்கு ஆணையிடுகிறார், எங்கே பார்த்தாலும் இவரே இருக்கிறார், யார் இந்த மனிதர்?' என்று தாம் வியந்ததைச் சார்ல்டன் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அவரும் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரராக வளர்ந்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இத்தகைய ஆட்டத்துக்கு ஏற்ற மேடையும் அப்பொழுதுதான் அமைந்தது. பிரான்ஸ் நாட்டின் 'லெக்கிப்' என்ற விளையாட்டுப் பத்திரிகை தூண்ட, 1955இல் ஐரோப்பியக் கழகங்களுக்கான கோப்பைப் போட்டி தொடங்கியது. விமானப் பயணமும் இரவில் ஆடுவதற்கான மின்விளக்குகளும் பெருகியிராவிட்டால் வாரநடுவில் நாடு விட்டு நாடு சென்று ஆடும் அப்போட்டி நடந்திருக்க முடியாது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகளும் ரியல் மாட்ரிட்டே வென்றது. ஐந்து இறுதி ஆட்டங்களிலும் டி ஸ்டெபானோ கோல் போட்டார். அப்போட்டியில் அவர் போட்ட மொத்தக் கோல்கள் 49. அந்த எண்ணிக்கையை மற்றொருவர் மிஞ்சுவதற்கு 2005ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐந்தாவது இறுதி ஆட்டம் 1960 மே 18ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது. பார்த்தவர்கள் 1,27,000 பேருக்கும் அதிகம். எதிரணி ஜெர்மனியின் ஐன்டிராக்ட் பிராங்க்பர்ட். அதன் படப்பதிவு இன்றும் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன், மாணவர்களும் தேடிப் பார்க்கலாம். முதற் கோலைப் போட்டது ஜெர்மானிய அணி. பிறகு டி ஸ்டெபானோ மூன்று நிமிஷத்துக்குள் இரண்டு கோல்கள் போட்டார். ஹங்கேரி நாட்டைவிட்டு வந்து அவரோடு சேர்ந்த புஷ்காஷ் நான்கு போட்டார். கணக்கு 6-1 ஆனபோது ஜெர்மானியர் இரண்டாவது கோலைப் போட்டார்கள். பந்தை நடுவில் வைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கியதும் டி ஸ்டெபானோ நேரே முன்னேறிப்போய், தொலைவிலிருந்தே தரையோடு தரையாக உதைத்து ஏழாவதை உள்ளே அனுப்பிவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. முடிவு 7-3. வேறொரு நாட்டிலிருந்து வந்த இருவர் ஏழு கோல்களையும் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

கழகத்துக்கு இத்தனை செய்தவர் நாட்டுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி எழும். எந்த நாட்டுக்கு என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. அர்ஜென்டீனாவுக்கு அவர் ஆடியவை 1947இன் அந்த ஆறு ஆட்டங்களே. கொலம்பியாவின் பெயரால் நான்கு ஆட்டங்கள் ஆடியதாகச் சில பட்டியல்களில் காணலாம். அவை சம்மேளனம் ஏற்காத ஆட்டங்கள். 1956இல் ஸ்பெயின் நாட்டுக் குடியுரிமை பெற்றார். 1957 ஜனவரியில் நெதர்லாந்துக்கு எதிராக ஸ்பெயினுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள் போட்டார். மொத்தம் 31 ஆட்டங்களில் 23 கோல்கள். ஒரு நாட்டுக்கு ஆடியவர் மற்றொரு நாட்டுக்கு ஆடுவதை அன்றைய விதி தடுக்கவில்லை; 1960களில்தான் அந்த வாயில் அடைக்கப்பட்டது.

ஆனால் உலகக்கோப்பைப் போட்டியில் ஓர் ஆட்டங்கூட அவருக்கு வாய்க்கவில்லை. 1950ஆம் ஆண்டுப் போட்டியிலும் 1954ஆம் ஆண்டுப் போட்டியிலும் அர்ஜென்டீனா கலந்துகொள்ளவே இல்லை. 1958க்கான தகுதி ஆட்டங்களில் ஸ்பெயின், ஸ்விட்ஜர்லாந்தோடு சொந்த ஊரில் சமநிலை கண்டு, ஸ்காட்லாந்தில் தோற்று, வெளியேறிவிட்டது. 1962இல் ஸ்பெயின் சிலி நாட்டுக்குப் போனது. அவரும் அணியில் இருந்தார். காயத்தினால் ஒரு நிமிஷமும் களமிறங்கவில்லை. கழகங்கள் அவரை விடாமல் இழுத்தன. நாடுகளோ ஏதேனும் ஒரு காரணத்தால் கைவிட்டன. தாய்நாட்டிலேயே இருந்திருந்தாலும் 1950, 1954 ஆகிய இரண்டையும் அவர் இழந்தே இருப்பார் என்பதை அவரைக் குறைகூறுவோர் மறந்துவிடுகிறார்கள்.

புகழின் காரணமாக அவருக்கு ஒரு விபரீதமும் நேர்ந்தது. 1963 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் அணி வெனிசுவேலாவின் தலைநகராகிய கராகாஸுக்குச் சென்றிருந்தது. அங்கே அரசை எதிர்த்துப் போராடிய புரட்சிக்குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள், போலீஸார் என்று சொல்லிக்கொண்டு அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கு வந்து அவரைக் கடத்திச் சென்றார்கள். பணம் கேட்கவில்லை. தங்கள் இயக்கத்தை உலகப் பத்திரிகைகள் கவனிக்கவேண்டும் என்பதே நோக்கம். இரண்டு நாள் கழித்து எவ்விதத் தீங்குமின்றி விடுவித்துவிட்டார்கள். 2005இல் ஒரு திரைப்பட விழாவில், கடத்தியவரும் கடத்தப்பட்டவரும் ஒரே மேடையில் சந்தித்தார்கள்.

மாட்ரிட் வாழ்வு 1964இல் முடிந்தது. வியன்னாவில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் மிலானின் இன்டர் அணியிடம் 3-1 என்று தோல்வி ஏற்பட்டது. பயிற்சியாளரோடு அவருக்கு மனக்கசப்பு. கழகத்திலேயே வேறு பொறுப்புத் தருகிறேன் என்றார் பெர்னபெயூ. ஆடவேண்டும் என்றார் இவர். முப்பத்தெட்டாம் வயதில் எஸ்பனியோல் கழகத்துக்குப் போய் இரண்டு பருவங்கள் ஆடி 1966இல் ஓய்வு பெற்றார். எஸ்பனியோல் இருப்பது பார்ஸலோனா நகரத்தில்! அந்நகரம் பதினொரு ஆண்டுக்குப் பிறகு அவரைப் பெற்றது. ஆனால் வேறு சட்டையில். அவரை அங்கே வரவழைத்த குபாலாவும் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, ஸ்பெயின் என மூன்று நாடுகளுக்கு ஆடியவர். பின்னர் டி ஸ்டெபானோ பயிற்சியாளராகவும் ஊர் ஊராகச் சென்றார். போகா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட் என்ற புவெனஸ் அயரிஸின் இரு பரம எதிரிகளுக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஸ்பெயினில் வலென்ஸியா 1971இல் பட்டம் வென்றதும் அவருடைய பயிற்சியில்தான்.

அவரைக் கட்டிப்போட்ட அந்தப் பதிவுச் சட்டம் என்னவாயிற்று? இங்கிலாந்தில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற முன்னணி ஆட்டக்காரர் 1960இல் நியூகாசில் கழகத்தை விட்டு விலக விரும்பினார். கழகம் விடவில்லை. அவர் ஆட மறுத்து, தெற்கே போய்த் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். கழகம் இறுதியில் அவரை ஆர்ஸனலுக்கு விற்றது; ஆயினும் அவர் வழக்கை விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தவரைப் பிடித்துவைப்பது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963இல் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். அதன்பிறகும், ஒப்பந்தம் முடிந்தவர் மாறினால் பழைய கழகத்துக்குப் பணம் தரவேண்டும் என்ற வழக்கம் நெடுநாள் நீடித்தது. அதனையும் தகர்த்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான்-மார்க் போஸ்மான். 1990இல் லியேஜ் கழகத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிரான்ஸுக்குப் போய் ஆட முயன்றார், பணத்தகராறினால் தடைப்பட்டது. ஐந்தாண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தபின் 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்டக்காரர் ஒருவர், ஒப்பந்தம் முடிந்ததும் பணமின்றி ஒன்றியத்துக்குள் மற்றொரு நாட்டுக் கழகத்துக்குப் போகலாம் என்றாயிற்று. போஸ்மானுக்குத் தம் ஆட்ட வாழ்வில் அதனால் பயன் ஏதும் கிட்டவில்லை. அதற்குள் அவருடைய வயது போய்விட்டது. இன்று பத்திரிகையில் காணும் கோடிகள், ஒப்பந்தம் இன்னும் முடியாத ஆட்டக்காரரை இடையில் விடுவிப்பதற்காகக் கொடுக்கப்படுபவை.

டி ஸ்டெபானோ தம் முதுமையை மாட்ரிட்டிலேயே கழித்தார். 2000ஆம் ஆண்டில் ரியல் மாட்ரிட் அவரைத் தன் கௌரவத் தலைவராக்கியது. தம் வீட்டுத் தோட்டத்தில் அவர் பந்துக்கு ஒரு சிலை வைத்திருந்தார். அதன்கீழ் அவர் பொறித்த ஸ்பானியச் சொற்களுக்கு 'நன்றி, கிழவி' என்று பொருள். அர்ஜென்டீனாவில் பிள்ளைகள் தாயை அன்போடு அப்படி அழைப்பதுண்டு. நம் ஊர்களிலும் உண்டல்லவா? தம் வரலாற்று நூலுக்கும் அதனையே பெயராக வைத்தார். 2014 ஜூலை 7ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். பிரேஸிலில் அப்போது உலகக்கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் மாட்ரிட்டில் மக்கள் வரிசையாக நின்று அவருடைய உடலுக்கு மரியாதை செலுத்தினார்கள். அதற்கடுத்த நாள் சாவோ பாலோ நகரில் அர்ஜென்டீனா அரையிறுதியில் நெதர்லாந்தை வென்று இறுதி ஆட்டத்துக்குச் சென்றது.